இரண்டு இலட்சத்து முப்பதாயிரம்

மழை நாட்களில் இரத்தம் எடுப்பது சிரமம். ஹட்டன் மலைக் குளிருக்குக் கை விறைத்து நரம்பு உள்ளே இறங்கிவிடும். நான் முதலில் வெந்நீர்ப் போத்தல் ஒன்றைக் கையில் பிடிக்கக் கொடுப்பேன். எந்தத் தோட்டம், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பேச்சுக் கொடுப்பேன். அதற்குள் நரம்பு மேலே வந்துவிடும். மதுரன் சார் ஊசி ஏற்றினால் வலிக்காது என்று மஸ்கெலியாவிலிருந்துகூட ஆட்கள் எங்கள் இரத்தப் பரிசோதனை லெப்புக்கு வருவார்கள். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள் ஐயா.

நீங்கள் சம்பளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மா ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அவருடைய சேமலாப நிதிப் பணத்தில்தான் நான் கொழும்பு போய் லெப் வேலை படித்தேன். எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், வெள்ளைக் கோட்டுப் போட்ட முதல் ஆள் நான்தான். வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளம் போதுமானதாகத்தான் இருந்தது. பிறகு டொலர் ஏறிய வருடம் வந்தது. பால்மா ஏறியது, கேஸ் ஏறியது, கரண்ட் பில் ஏறியது. சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. டவுனில் நாங்கள் இருந்த இரண்டு அறையின் வாடகைக்கே அதில் பாதி போய்விடும். தோட்டத்து ஆட்கள் சம்பளம் கேட்டு ரோட்டில் இறங்கினார்கள், டிவியில் காட்டினார்கள். வெள்ளைக் கோட்டுக்காரனுக்காக யாரும் இறங்கவில்லை. மாதக் கடைசியில் என் மனைவி பிரியந்தி பால் கரைக்கும்போது ஒரு கரண்டி மாவைக் குறைத்துப் போடுவாள். மகன் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைத்தான் பார்ப்பான்.

முதலாளியிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. இரத்தம் பார்க்கும் மெசினுக்கு ஊற்றுகிற மருந்து என் சம்பளத்தைவிட விலையாகிவிட்டது என்று விளக்கினார். பிறகு சொன்னார்: "சம்பளத்தக் கூட்ட முடியாது மதுரன். ஆனா நீ அந்த மருந்த மிச்சம் புடிச்சுக் குடுத்தா, மிச்சத்துல பாதி ஒனக்குத்தான்."

எப்படி மிச்சம் பிடிப்பது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மருந்து மிச்சமாக ஒரே வழிதான் உண்டு என்பது இருவருக்கும் தெரியும். எடுத்த இரத்தத்தை மெசினுக்குக் கொடுக்காமல் சிங்க்கில் ஊற்றிவிட வேண்டும். ரிப்போட்டை நாமே எழுத வேண்டும்.

அதை நான் கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. முகத்தைப் பார்ப்பேன், கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்ப்பேன், நகத்தைப் பார்ப்பேன். இத்தனை வருடப் பழக்கத்தில் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் இருக்காது. அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதுவதில் பெரிய பொய் இல்லை. கண்டிக்குப் போய் மறுபடியும் பார்க்கக்கூடியவர்களின் இரத்தத்தை மெசினில்தான் போட்டேன். தோட்டத்து அதிகாரிகள், கடைக்காரர்கள், டீச்சர்மார். லயத்து ஆட்கள் இன்னொரு தடவை பார்க்க மாட்டார்கள். அவர்களிடம் அதற்குக் காசு இல்லை. ரிப்போட்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்க சார்," என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். நானும் அங்கே பிறந்தவன். அவர்களை எனக்குத் தெரியும்.

ஜோசப்பின் என்ற அந்தப் பெண்ணைப் பற்றித்தானே நீங்கள் கேட்க நினைக்கிறீர்கள். சொல்கிறேன்.

அவள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். மகள் ஜெனிதா கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக மஸ்கெலியாத் தோட்டத்துக்கு லீவில் வந்தவள், வந்த இடத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டாள். டவுன் டொக்டர் இரத்தத்தைப் பார்த்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார். புருஷன் கஸ்பர் குடையோடு வாசலில் நின்றான். அவள் கை நெருப்பாகக் கொதித்தது. அன்று வெந்நீர்ப் போத்தல் தேவைப்படவில்லை.

ஊசியை எடுக்கும்போது அவள் சொன்னாள்: "நான் வேல செய்ற வீட்டம்மா, நோனாவுக்கும் இப்பிடித்தாங்க காய்ச்சல் வந்துச்சு. டெங்குன்னு ஆஸ்பத்திரியில வச்சுட்டாங்க."

கேட்டேன். காதில் விழுந்தது. அன்று கூட்டம் அதிகம். பிளேட்லட் எண்ணிக்கை இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு இருக்கிற அளவு அது. டொக்டர் அதைப் பார்த்துவிட்டுப் பெனடோல் மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பினார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பின்னேரம் ஒரு கடை முதலாளியின் இரத்தத்துக்காக மெசினைப் போட்டேன். அவளுடைய குழாய் இன்னும் தட்டிலேயே நின்றது, ஊற்ற மறந்திருந்தேன். நோனா என்று அவள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதையும் மெசினில் வைத்தேன். இருபத்தெட்டாயிரம் என்று வந்தது.

அவளை அந்த நிமிடமே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். எனக்கு அது தெரியும். பில்லில் கஸ்பரின் நம்பர் இருந்தது. போனை எடுத்தேன். ரிப்போட் பிழை என்றால் ஏன் பிழை என்று டொக்டர் கேட்பார். பிறகு மற்ற ரிப்போட்டுகளையும் கேட்பார்கள். மணி அடிக்கும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கஸ்பர் எடுத்தான். காய்ச்சல் எப்படி என்று கேட்கத்தான் எடுத்தேன் என்று சொன்னேன்.

"காய்ச்சல் விட்டிருச்சுங்க சார்," என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். "ஒடம்பு குளுந்து போச்சு. எந்திரிச்சு ஒக்காந்து புள்ளயோட வெள்ளச் சட்டைக்கு லேஸ் தச்சுக்கிட்டு இருக்கா."

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். லெப் வேலை படித்த எவனுக்கும் அது தெரியும்.

"அப்ப சரிங்க," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் அவள் வயிற்று வலி என்று படுத்திருக்கிறாள். அதற்கு அடுத்த நாள் காலையில் வாயிலும் மூக்கிலும் இரத்தம் வந்திருக்கிறது. தோட்டத்து ரோடு மழையில் உடைந்திருந்ததால் சந்திவரை கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் கஸ்பர்தான். அவனே போன் எடுத்தான். "அவ போயிட்டா சார்," என்றான். "நீங்க விசாரிச்சீங்களே, அதான் ஒங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

அவளுடைய குழாயை நான் ஊற்றவில்லை. குளிர்பெட்டியின் பின்தட்டில், மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். அவளை மஸ்கெலியாவில் புதைத்துவிட்டார்கள். புதைக்காமல் விட்டது அது ஒன்றுதான், அது என்னிடம் இருந்தது. குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கையில் அந்தச் சூடு ஏறும். யாருடைய கையில் ரப்பர் பட்டியைக் கட்டினாலும் அவள் கைபோலவே கொதிக்கும். வந்தவர்களிடம் காய்ச்சலா என்று கேட்பேன். இல்லையே சார் என்பார்கள். வீட்டில் மகனைத் தூக்கப் பயந்தேன். அவன் உடம்பும் சுட்டது. பிரியந்தி தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையேங்க, குளிர்ந்துதான இருக்கான்," என்பாள்.

அதோடு நான் நிறுத்திவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். உண்மையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நிறுத்தவில்லை. வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டியது அப்போதுதான். இரண்டை மட்டும் மாற்றிக்கொண்டேன். யாருக்கும் போன் எடுப்பதில்லை. ஊற்றுவதைக் காலையிலேயே ஊற்றிவிடுவேன். பின்னேரம்வரை எந்தக் குழாயும் தட்டில் நிற்காது. அதற்குப் பிறகு எத்தனை பேர் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு என்ன ஆனது என்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தான் அப்படிச் செய்தேன்.

பிறகு ஒருநாள் கஸ்பர் வாசலில் நின்றான். ஜெனிதாவைக் கூட்டிவந்திருந்தான். பிள்ளைக்குக் காய்ச்சல். தாய்க்கு வந்தது இதற்கும் வந்துவிட்டதோ என்று பயந்து ஓடி வந்திருக்கிறான். ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே இருக்கிறது, ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்கள மாதிரி ஆளுகளுக்கு யாருங்க சார் போன் எடுத்து விசாரிப்பாங்க?" என்றான். "நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

பிள்ளை கையை நீட்டியது. தாயின் கை அப்படியே. இரத்தத்தை எடுத்து மெசினில் போட்டேன். நம்பாமல் இன்னொரு தடவையும் போட்டேன். இரண்டு தடவையும் நல்லபடியாகத்தான் வந்தது, சாதாரணக் காய்ச்சல். சொன்னதும் கஸ்பர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் ரிப்போட்டை வைத்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். அது தனிக் கதை, அந்த வாக்குமூலத்துக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஜோசப்பின் சாகப்போகிறாள் என்பது இரண்டு நாட்கள் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தே சும்மா இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அன்றைக்கு ஜெனிதாவுக்கு இரண்டு தடவை மெசின் போட்டும் கஸ்பரிடம் நான் ஐந்து சதம் வாங்கவில்லை. அதையும் மறக்காமல் எழுதுங்கள் ஐயா.