இஞ்சின் ஆறட்டும்

— அதெல்லாம் இருக்கட்டும் முதலாளி, பானெட் ஏன் சுடுது?

— சுடுதா மேடம்? வெயில்ல நிக்குதுல்ல.

— எந்த வெயில்? காலையிலேர்ந்து தூறிக்கிட்டே இருக்கு. என் வீட்டுக்காரர் ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு நடுங்கறாரு.

— மூணு. உள்ள ஒன்னு இருக்கு.

— சார், நீங்க கேளுங்க சார். இப்பதான் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன். வாங்க வர்றவங்களுக்கு எல்லாம் சரியா இருக்கணும்ல? நான் பொய் சொல்ல மாட்டேன் சார், இருபது வருஷமா வெளிநாட்டு வண்டி இறக்கி விக்கறேன்...

— என்கிட்ட சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்ல முதலாளி. நான் தையல்காரன். எனக்குத் தெரிஞ்ச ஒரே மெஷின் கால்ல மிதிக்கறது. வண்டி வாங்கறது இந்த மகாராணி, ஓட்டப் போறதும் இவங்கதான். நான் ஃப்ளாஸ்க் தூக்க வந்தவன்.

— மேடமா ஓட்டப் போறாங்க? இதையா? மேடம், இது டீசல் வண்டி, நாலு சக்கரமும் இழுக்கறது. ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கும். அந்த ஓரத்துல பாருங்க, சின்னதா செவப்புல ஒரு பெட்ரோல் கார், பொம்பளைங்களுக்குன்னே செஞ்சது...

— அந்தச் செவப்பு கார் மேலூர்ப் பாதையில ஏறுமா?

— மேலயா? அங்க ரோடே கிடையாதே.

— அதான். மேல இருக்கற ஏழு ஊருக்கு மருந்துப் பெட்டியையும் நர்ஸம்மாவையும் ஏத்திட்டுப் போற வேலை எனக்குக் கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை ஆரம்பம். நாலு சக்கரமும் இழுக்கற வண்டி சொந்தமா இருக்கணும்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. இன்னிக்கு வெள்ளி. வண்டி இல்லேன்னா வேலை அடுத்த ஆளுக்கு. ரெண்டாவது தடவை வேலை போறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

— இதையெல்லாம் ஏன் அவர்கிட்ட கொட்டறே? விலையை ஏத்திடப் போறாரு!

— எங்க ஏத்துவாரு? மூணு மாசமா விலை போகாம நிக்கற வண்டி.

— மூணு மாசம்னு யாரு மேடம் சொன்னது?

— சக்கரத்தைச் சுத்தி முழங்கால் உயரத்துக்குப் புல்லு நிக்குதே, அதுதான் சொல்லுது. ஒரு ரவுண்டு ஓட்டினீங்களாக்கும்? ஒத்தப் புல்லுகூட மடங்கல.

— மாட்டிக்கிட்டாரு மனுஷன்.

— சரி மேடம், ஓட்டல. நின்ன எடத்துலயே ஸ்டார்ட் பண்ணி வெச்சேன். அது ஒரு குத்தமா?

— குத்தம் இல்ல. ஆனா சூடா இருந்தா எந்த நோஞ்சான் டீசலும் ஒரே அடியில கிளம்பிடும். ஜில்லுனு இருக்கறப்பதான் அது யாருன்னு தெரியும். இஞ்சின் ஆறட்டும். காத்திருக்கோம்.

— ஆற மூணு மணி நேரம் ஆகுமே மேடம்!

— டீ இருக்கு, ரொட்டி இருக்கு, இவர் பேச்சு இருக்கு. பொழுது போயிடும். ஏங்க, அந்தச் சாக்கை இப்படி விரிங்க.

— என்னது, வண்டிக்கு அடியில படுக்கப் போறாங்களா? சார், சொல்லுங்க சார், துணியெல்லாம் சேறாயிடும்.

— ஆகட்டுமே. நான் தைச்ச துணிதான். கிழிஞ்சா நானே ஒட்டுப் போட்டுக்கறேன்.

— டார்ச்சை இந்தப் பக்கம் அடிங்க. என் கண்ணுல இல்லங்க, அங்க! ம்... அடிச்சட்டத்துக்குப் புதுசா கருப்பு பெயின்ட் அடிச்சிருக்கீங்களே முதலாளி, எதை மறைக்க?

— ஐயோ, மறைக்க என்ன இருக்கு? பளிச்சுனு இருக்கட்டுமேன்னுதான்...

— அந்தச் சின்னச் சுத்தியலைக் குடுங்க. கேக்குதா? டங்கு டங்குங்குது. துரு தின்னிருந்தா பொத்துனு உள்ள வாங்கும். கெட்டி இரும்பு. உங்க பெயின்ட் தெண்டச் செலவு.

— அப்ப நல்லா இருக்குன்னு சொல்றீங்க!

— நல்லா இருக்கறதை நல்லா இருக்குன்னு சொல்ல எனக்கென்ன கஞ்சத்தனம்? சரி, மீட்டர்ல ஒரு லட்சத்துப் பத்தாயிரம் காட்டுது. ஓடினதா, நீங்க திருப்பி வெச்சதா?

— நான் பொய் சொல்ல மாட்டேன் மேடம்...

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. தையல்காரரே, இது உங்க இலாகா. டிரைவர் சீட்டைப் பாருங்க.

— நகருங்க, நகருங்க! கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல முதல் தடவையா வண்டி விஷயத்துல என்னைக் கேக்கறா. ம்ம்... இந்த மேல் உறை நம்ம பக்கம் தைச்சது. நாலு எடத்துல நூல் தாவியிருக்கு. தைச்சவன் கையில கிடைச்சா ரெண்டு வார்த்தை கேப்பேன். இப்ப உறையைத் தூக்கிப் பாப்போம்... அட! அடடா!

— என்ன சார், என்ன?

— பழைய துணி அப்படியே இருக்கு முதலாளி. ஏறி எறங்கற ஓரம்தான் முதல்ல பல்லைக் காட்டும், பேன்ட்டுக்கு முட்டி எப்படியோ அப்படி. இங்க ஒரு இழைகூடப் பிரியல. ரெண்டு லட்சம் மூணு லட்சம் ஓடின சீட் இல்ல இது. மீட்டர் உண்மைதான் சொல்லுது.

— சார், நீங்க ஒருத்தர்தான் சார் என்னை நம்பறீங்க!

— உங்களை எங்க நம்பினேன்? துணியை நம்பினேன்.

— முதலாளி, இந்தச் சாவித் துவாரத்துக்கு மேல ஒரு சின்னக் காகிதம் இருக்கணுமே. எங்க?

— அதுவா? அந்த நாட்டு எழுத்துல என்னமோ கிறுக்கி, சுருள் மாதிரி ஒரு படம் போட்டு ஒட்டியிருந்தான். பாக்க அசிங்கமா இருந்துது, சுரண்டி எடுத்துட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பசைத் தடம் அப்படியே இருக்கே.

— கண்ணு இல்ல மேடம் அது, கழுகு.

— சரி, இப்படி இந்த டயர் மேல உக்காருவோம். ஏங்க, அவருக்கும் ஒரு டம்ளர் ஊத்துங்க.

— மூணு மணி நேரம் ஓடிப்போச்சு மகாராணி, மணி ஒன்னே கால். ஃப்ளாஸ்க் காலி. நான் சொல்றதுக்குக் கதையும் காலி. முதலாளியோட மச்சான் சண்டை முழுக்கக் கேட்டாச்சு.

— பானெட்டைத் தொடுங்க முதலாளி.

— ஜில்லுனு இருக்கு.

— இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. நீங்களே பண்ணுங்க.

— நானா? வேண்டாம் மேடம்... பேட்டரி கொஞ்சம் அசதியா இருக்கும்...

— பேட்டரி புதுசு, நான் பாத்துட்டேன். ஏறுங்க.

— ஏறிட்டாரு. திருகறாரு. அட, கர்ரு கர்ருன்னு கத்துதே தவிர கிளம்பக் காணோமே! இன்னொரு தடவை திருகுங்க முதலாளி. ம்ஹூம். என்னது இது, வெள்ளையா புகை, கண்ணெல்லாம் எரியுது!

— போதும், விடுங்க. பேட்டரி செத்துடப் போகுது. கீழ எறங்கி உண்மையைச் சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல! நான் பொய் சொல்ல மாட்டேன் மேடம், இது வந்து எறங்கின மறுநாள்லேர்ந்து இதே கூத்துதான். காலையில செத்த பொணம். நம்ம பெட்ரோல் கார் மெக்கானிக் மத்தியானமா வந்து என்னென்னமோ பண்ணி, தள்ளிவிட்டு, கிளப்பிட்டான். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ராஜா மாதிரி ஓடுது. பம்ப் போயிருக்கும்னான். பம்ப் விலையைக் கேட்டு எனக்கு மயக்கமே வந்துடுச்சு. அதான் ஆள் வர்றதுக்கு முன்னாடி திரும்பத் திரும்பத் திருகி எப்படியோ கிளப்பிச் சூடு பண்ணி வெக்கறேன். வர்றவங்க பானெட்டைத் தொட்டுட்டுப் போயிடறாங்க. இருபது வருஷம் பெட்ரோல் காரோட நிம்மதியா இருந்தவன், டீசல்ல லாபம்னு எவனோ சொன்னான்னு ஆசைப்பட்டேன். எல்லாம் அந்த டிரைவர் பண்ணின வேலை!

— எந்த டிரைவர்?

— துறைமுகத்துலேர்ந்து இதை ஓட்டிட்டு வந்தான் ஒருத்தன். வழியெல்லாம் கண்ணு மண்ணு தெரியாம மிதிச்சு இஞ்சினை நாசம் பண்ணிட்டான். விடுவேனா? அவன் ஆபீஸுக்கு ஒரு லெட்டர் போட்டேன், அவன் சீட்டைக் கிழிச்சுட்டாங்க.

— மிதிச்சதை நீங்க பாத்தீங்களா?

— பாக்கணுமா என்ன? அந்த ஆளுங்க புத்தி தெரியாதா?

— இந்தா, ரொட்டி மிச்சம் இருக்கு. சாப்பிடு. சாப்பிடுன்னு சொல்றேன்ல.

— எனக்கு வேண்டாம். முதலாளி, வண்டியை நான் எடுத்துக்கறேன்.

— கிளம்பாத வண்டியையா?

— கிளம்பாத வண்டியைத்தான். போர்டுல எழுதியிருக்கற விலையில பாதி. இருக்கறது இருக்கறபடி.

— பாதியா! மேடம், என் வயித்துல அடிக்காதீங்க... சரி, சரி, போகாதீங்க. எடுத்துக்கோங்க. தலைமுழுகினாப் போதும்னு இருக்கேன். ஆனா ஒன்னு, நாளைக்கு அது ஓடல இது ஓடலன்னு வந்து நிக்கக் கூடாது.

— நீங்களும் வந்து நிக்கக் கூடாது.

— நான் எதுக்கு வரப் போறேன்?

— அப்ப கையெழுத்தைப் போடுங்க. சாட்சிக்கு இவர் போடுவாரு.

— போட்டாச்சு. நல்லா இருங்க. தள்ளிக்கிட்டுப் போக ஆள் கூப்பிடவா மேடம்?

— வேண்டாம், சாவியைக் குடுங்க. ஏங்க, நான் சொன்ன மாதிரி எண்ணுங்க.

— ஒன்னு... ரெண்டு... மூணு...

— சார் எதுக்கு எண்ணறாரு?

— வேண்டுதல் முதலாளி, குறுக்க பேசாதீங்க. ஏழு... எட்டு... ஒம்பது...

— இப்ப.

— ஐயோ! ஐயோ மேடம்! ஒரே அடி! ஒரே அடியில பிடிச்சுக்கிச்சு!

— மகாராணி! மகாராணின்னா மகாராணிதான்! பொட்டுப் புகை இல்ல! முதலாளி, வாயை மூடுங்க, மழைத்தண்ணி உள்ள போகுது!

— ஏறுங்க ரெண்டு பேரும். முதலாளி, பின்னாடி இருக்கற அந்த மண்மேட்டைத் தாண்டி யாராவது போயிருக்காங்களா?

— லாரியே பொதைஞ்ச எடம் மேடம் அது, வேண்டாம்! முன்னாடி சக்கரம் இழுக்குதோ இல்லையோ... ஐயோ, ஏத்தறாங்களே! சார், சொல்லுங்க சார்!

— நான் கண்ணை மூடி அரை நிமிஷம் ஆச்சு! சாய்ஞ்சுடுச்சா? சாயலையா?

— கண்ணைத் தொறங்க தையல்காரரே. உச்சியில நிக்கறோம்.

— அட ஆமா! அதோ பாரு, நம்ம வீட்டு மாடிகூடத் தெரியுது. நம்ம வண்டி! ஹாரன் அடி, இன்னொரு தடவை அடி!

— மேடம், ஒரு உதவி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். என்ன பண்ணிக் கிளப்பினீங்க? பின்னாடி கொட்டகையில இதே மாதிரி இன்னும் ரெண்டு டீசல் நிக்குது. அதுக்கும் இதே வியாதி.

— அது ரெண்டையும்கூட அந்த டிரைவர்தான் ஓட்டிட்டு வந்தாரா?

— இல்ல மேடம், அது லாரியில ஏத்தி வந்துது.

— அப்ப அதை யார் முதலாளி மிதிச்சுக் கெடுத்தது?

— கேக்கறாங்கல்ல, சொல்லுங்க.

— இப்பதான் எனக்கே உறைக்குது சார்.

— சரி, கடை வாசலுக்கே திரும்பி வந்து வண்டியை அணைச்சுட்டேன், வித்தையைச் சொல்லித் தரேன். அதுக்குக் கூலியா ஒரு காகிதம். உங்க கடைத் தாள்லயே எழுதுங்க. ‘இந்த வண்டியோட இஞ்சின்ல எந்தப் பழுதும் இல்ல. என் கைக்கு வந்த அன்னிக்கும் இல்ல. அதை ஸ்டார்ட் பண்ணத் தெரியாதது என் தப்பு.’

— என் தப்புன்னு கண்டிப்பா எழுதணுமா?

— கொட்டகையில இருக்கற ரெண்டும் கிளம்ப வேண்டாமா?

— எழுதிட்டேன், எழுதிட்டேன். கையெழுத்து. கடை முத்திரை. போதுமா?

— போதும். இப்ப இங்க பாருங்க. சாவியைப் பாதி திருப்பினா மீட்டர் பக்கத்துல சுருள் மாதிரி ஒரு மஞ்ச விளக்கு எரியுது.

— அது எப்பவும் எரியறதுதானே?

— எப்பவும் எரியாது. நீங்க அது அணையற வரைக்கும் பொறுத்ததே இல்ல. டீசலுக்குப் பெட்ரோல் மாதிரி பொறி கிடையாது முதலாளி. ஜில்லுனு இருந்தா உள்ள இருக்கற கம்பி முதல்ல பழுக்கணும். பழுத்ததும் விளக்கு அணையும். அப்புறம் திருகணும். ஒம்பது எண்ணற நேரம், அவ்வளவுதான். நீங்க சுரண்டிப் போட்ட காகிதத்துல இருந்ததும் இதுதான்.

— ஒம்பது எண்ணற நேரத்துக்காகவா மேடம் வண்டியைப் பாதி விலைக்குக் குடுத்தேன்!

— வந்து நிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கீங்க. சாட்சிக் கையெழுத்து என்னோடது.

— விடுங்க சார், நான் பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு வண்டி பிழைச்சுது. மேடம், லெட்டர்ல மேல யார் பேரைப் போட? மருந்து ஆபீஸுக்கா?

— இல்ல. துறைமுகத்துலேர்ந்து வண்டி ஓட்டிக் குடுக்கறாங்களே, அந்த ஆபீஸ் மேனேஜருக்கு.

— அவருக்கு எதுக்கு? அந்த டிரைவரைத்தான் அவங்க அன்னிக்கே தூக்கிட்டாங்களே!

— தெரியும் முதலாளி. அன்னிக்கும் இதே மாதிரி மழை. தொப்பியும் மழைக்கோட்டுமா இதே எடத்துல வண்டியை நிறுத்திட்டு, அந்த விளக்கைப் பத்திச் சொல்ல வாயைத் தொறந்தேன், நீங்க போனைக் காதுல வெச்சுக்கிட்டு, என் மூஞ்சியைக்கூடப் பாக்காம, போ போன்னு கையைக் காட்டினீங்க.