ஏழாம் எண் மடிக்கணினியின் அரைத்தூக்கம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் ராஜையன் ஐயா அவர்களே! பெற்றோர் சங்கத் தலைவி வடிவாம்பாள் அம்மா அவர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, போனக்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே! பழவங்காடியில் கடையைப் பாதி சாத்திவிட்டு ஓடிவந்திருக்கும் தந்தைமார்களே! பத்தாம் வகுப்புப் பூமாரியின் பணிவான வணக்கம்.

'கட்டற்ற மென்பொருளில் மின்சிக்கனம்.' இதுதான் என் தலைப்பு. சிரிக்காதே ரெனி, நானே கேட்டு வாங்கிய தலைப்பு இது.

எத்தனை இனிய நாட்கள் அவை! நான்கு வகுப்புகளுக்கும் சேர்த்துப் பத்தே மடிக்கணினிகள். மணி அடித்தால் அணைக்க மாட்டோம். மூடியை மட்டும் மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்கு ஓடுவோம். வழியெல்லாம் சிரிப்பு! வராந்தாவெல்லாம் வம்பு! ஆனால் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். அதைத் தீர்த்துவைத்தவர் யார்? தற்காலிக வேலைக்கு வந்த நம் ஷிஜி டீச்சர்!

"மோளே, மெஷினும் சிஸ்டமும் தம்மில் பேசிக்க ஒரு பொது விதி உண்டு. இந்த மெஷின் மூடினா அரைத்தூக்கம்தான் தூங்கும். முழுசா தூங்குன்னு நாம ஒரு வரி எழுதி வெச்சா மதி, அது போதும், கேட்டோ?" என்றார் தம் மலையாளத் தமிழில். பத்திலும் அந்த வரியைத் தம் கையாலேயே எழுதினார். சார்ஜ் சாயங்காலம் வரை நின்றது!

ஆனால் முழுத்தூக்கம் கலைய, பத்து எண்ண வேண்டும். "என்னடி பூமாரி, உன் மெஷினுக்குக் கொட்டாவி தீரலையோ?" என்று வகுப்புத் தோழி ஷாலு கிண்டல் செய்தாள். அந்த ரோஷத்தில் ஏழாம் எண் கணினியில் ஒரு கை அந்த வரியை அழித்தது.

விழிஞ்ஞத்துக் கண்காட்சிக்கு டீச்சர் அதை மூடி, பையில் வைத்து எடுத்துச்சென்றார். பைக்குள் அது தூங்கியதா? இல்லை! விழித்தே கிடந்தது, வெந்தே கிடந்தது! பேட்டரி பூரியாய் உப்பியது. "அணைக்காம பையில வெச்சது டீச்சரோட அலட்சியம்" என்று அறிக்கை எழுதப்பட்டது. அதனால் வெள்ளிக்கிழமையோடு அவர் வேலை முடிகிறது.

அழித்த கை எது? ஷாலுவின் கையா? இல்லை. ரெனியின் கையா? இல்லை. இதோ, இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் என் கை!

அம்மா, எழுந்து வராதே. வீட்டில் அடி உண்டு, தெரியும். இன்னும் இரண்டே வரிதான்.

தலைமையாசிரியர் ஐயா, அந்த அறிக்கை இன்னும் மேலிடத்துக்குப் போகவில்லை. டீச்சரின் பெயரை அடித்துவிட்டு, என் பெயரை எழுதுங்கள்.

ஒரு குற்றவாளியை இறுதிவரை பேசவிட்ட பெரியோர்களுக்கு நன்றி. கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் ஷிஜி டீச்சருக்கு, என் தாமதமான வணக்கம்.