சர்வீஸ் செய்த வேன்

எங்கள் பக்கத்தில் வேனைக் கழுவி, ஒயில் மாற்றி, கிரீஸ் அடித்துவிட்டால் அதற்குச் சர்வீஸ் என்றுதான் பெயர், ஐயா. கொட்டகலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் நான் பொய் சொன்னேன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.

நான் சுபாவத்திலேயே பயந்தவன். சர்வீசுக்கு விட்ட வேனை எடுக்கப் போனபோது, கராஜ் வைத்திருக்கும் மைக்கல் பாஸ் சொன்ன தொகையைக் கேட்டே பயந்துபோனேன். கழுவ விட்ட வேனுக்கு யாராவது அவ்வளவு கேட்பார்களா?

"பிரேக் மொத்தமா மாத்தணுங்க. சும்மா ஓடுனா பிடிக்கும். நீள எறக்கத்துல சூடாகிக் கைவிட்ரும். மாத்தாம எடுக்காதீங்க" என்றார்.

எரிச்சலாக வந்தது. சாமான் விலை ஏறினால் அதற்கு நானா பொறுப்பு? கழுவியதற்கு மட்டும் கொடுத்துவிட்டு வேனை எடுத்து வந்தேன். வழி நெடுக ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் உயிர் வந்தது. ஸ்டீயரிங் வியர்வையில் வழுக்கியது. இனி இதை நான் தொடமாட்டேன் என்று அன்றே முடிவு செய்தேன்.

ஆனால் பக்கத்து லயத்து வீட்டு இராமையா அண்ணன் குடும்பத்தை வலப்பனைக் கல்யாணத்துக்குக் கொண்டு போவதாக ஒத்துக்கொண்டிருந்தேன். கல்யாண ஹயரைக் கைவிட்டால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? அதனால் கிஷாந்தை ஓட்டச் சொன்னேன். நிதானமான டிரைவர். அவன் வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"பிரேக்கெல்லாம் பாத்தாச்சாண்ணே?"

"சர்வீஸ் பண்ணித்தாம்பா கொண்டாந்தேன்."

வேன் பளபளவென்று நின்றது. அவன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினான்.

எங்களுக்கும் கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது. மனைவி பூரணியையும் மகளையும் பஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன்.

"நம்ம வேன் போகயில எதுக்குங்க பஸ்ஸு?" என்றாள் பூரணி.

"எடம் பத்தாது" என்றேன். வேனில் இன்னும் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை.

ராகலை தாண்டிய இறக்கத்தில் பஸ் நின்றது. முன்னால் சனம் கூடி நின்றது. எல்லாரும் இறங்கிப் போனார்கள். நான் இறங்கவில்லை. என்ன பார்ப்பேன் என்று எனக்குத் தெரியும். மகள் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தாள், அவள் கண்ணைப் பொத்தினேன். ஒருவரும் மிஞ்சவில்லை என்பதை நீங்கள் சொல்லித்தான் உறுதியாகத் தெரியும்.

கடைசி நேரத்தில் மகன் எவ்வளவு பயந்தானோ என்று கிஷாந்தின் அம்மா அழுகிறாராம். அவரிடம் சொல்லுங்கள், ஐயா. அந்த இறக்கம் வரைக்கும் அவனுக்கு ஒரு பயமும் இருந்திருக்காது. வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு சந்தோசமாகத்தான் போயிருப்பார்கள். கொட்டகலையிலிருந்து அத்தனை பயத்தையும் அவர்களுக்காக நான் ஒருவன்தானே சுமந்துகொண்டு வந்தேன்.