கிடங்குச் சுவர்

செங்கல் சுவர் வாயுவைத் தடுக்குமா? பள்ளியில் வேதியியல் படித்தும் எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

மன்னார்குடி பஸ்ஸில் என் முன் இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண். அருகில் நின்றவர், அவள் வீட்டை ஒட்டிய அரிசிக் கிடங்கின் லோடுமேன்.

“கிடங்குல வண்டு மருந்து வச்சா நீங்க எல்லாரும் வெளில வந்துடுறீங்க. எங்களை மட்டும் ஜன்னலைச் சாத்திட்டு உள்ள இருக்கச் சொல்றீங்களே, அண்ணே?”

“முதலாளி சொல்றதைத்தாம்மா சொல்றோம். நடுவுல சுவர் இருக்குல்ல?”

“மருந்து மாத்திரையை மூட்டைக்கு வெளிலதான வைக்கிறீங்க? அதுலேருந்து வர்ற வாயுல சாக்குக்குள்ள இருக்கிற வண்டு சாவுதுல்ல? அது பூசாத செங்கல்லுண்ணே. மழை பெஞ்சாலே கசியுது, வாயு வராதா?”

“வண்டு இருந்தா அரிசி கப்பலேறாதும்மா. உங்க வீட்டுக்காரர் துபாய்ல திங்கிறதே இதுதான்.”

“ஆமா. அவருக்கு அங்க வண்டு இல்லாத சோறு. புள்ளைக்கு இங்க வாந்தி.”

லோடுமேன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு கிடங்குதான். மருந்து வைக்கும் நாள்களில், கிடங்குக்காரர்கள் சொன்னபடியே ஜன்னல்களை இறுகச் சாத்திவிட்டுத்தான் மகளைத் தூங்க வைக்கிறேன். சுவர் வழியாக வந்த வாயுவை நானே உள்ளே அடைத்து வைத்தேனா? அடுத்த முறை ஜன்னலைத் திறப்பதா, மகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடுவதா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.