முப்பத்திரண்டு மாடுகள்

கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஆய்வுகூடத்துக்கு இரண்டு ரயில் மாற வேண்டும். பதினொரு வருடத்தில் நான் ஒருநாள்கூடப் பிந்திப் போனதில்லை. வாமதேவன் வந்தால் மணி எட்டு என்று வாசல் காவலாளி பகிடி விடுவார். நான் கவனமானவன். வாக்குமூலத்தில் இதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கிற அந்தப் பண்ணைப் பசுக்களுக்கு ஓர் ஒட்டுண்ணி தொற்றியிருந்தது. நாயின் மலத்தோடு தீனியில் கலந்து வருவது. பசு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வயிற்றுக் கன்று மட்டும் பாதியில் விழுந்துவிடும். தொற்று இருந்தால் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் பொருள் இருக்கும். பழைய சோதனை சிலவேளை தொற்றில்லாத மாட்டையும் பிடித்துக் கொடுத்துவிடும். அதனால் புதியது ஒன்றை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பழையதை என்னோடு வேலைசெய்யும் பிரீத்தா செய்தாள், புதியதை நான். ஒருவர் முடிவை மற்றவர் பார்க்கக்கூடாது என்பது விதி. இரண்டிலும் அகப்படும் மாடுகளை இறைச்சிக்கு அனுப்பப் பண்ணைக்காரர் ஒத்துக்கொண்டிருந்தார்.

நான் பிரீத்தாவின் தாளைப் பார்த்தேன். நாற்பத்தொரு மாடுகளுக்குத் தொற்று என்று எழுதியிருந்தாள். என் சோதனையில் அவற்றில் ஒன்பதுக்குத்தான் தொற்றைக் காட்டும் மஞ்சள் நிறம் ஏறியது. மிச்சம் முப்பத்திரண்டும் தெளிந்த தண்ணீராகக் கிடந்தன.

என் மனைவி ஜெயகௌரிக்கு மூன்று பிள்ளைகள் ஐந்தாம் மாதத்தில் தவறின. மூன்றாவது முறை ஆஸ்பத்திரியால் வந்து, வாங்கிய சட்டைகளை மடித்து வைத்துவிட்டு, "இன்னொருக்காப் பாப்பமப்பா" என்றாள். அவள் வாய்தான் அப்படிச் சொன்னது. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நான் அழுதேன். சுமந்து இழப்பதைவிட ஒரு தாய் உயிரோடு இல்லாமல் போவதே மேல் என்று அன்று விளங்கியது.

முப்பத்திரண்டுக்கும் 'தொற்று உண்டு' என்று எழுதினேன். துளியளவு சந்தேகத்தோடு ஒரு தாயை விடலாமா?

அறிக்கையைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். பிரீத்தா மட்டும் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணை, ஒரு மாடு விடாமல் ரெண்டு சோதனையும் ஒத்துப்போகுமோ?"

"வடிவாச் செய்தால் ஒத்துப்போகும் தங்கச்சி."

அவள் நம்பவில்லை. மிஞ்சிய இரத்தத்தை வேறு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாள். பதில் வருவதற்குள் மாடுகளை லொறியில் ஏற்றிவிட்டார்கள். முப்பத்திரண்டும் நோயில்லாதவை என்று பதில் வந்தது. இருபத்தேழு சினைப்பட்டிருந்தன. அறுத்தபோது உள்ளே கன்றுகள் அசைந்தனவாம். பண்ணைக்காரர் போனில் சொல்லி அழுதார்.

எனக்கும் கவலைதான். அந்த வெள்ளிக்கிழமை விம்பிள்டன் கோயிலில் அவற்றுக்காக அர்ச்சனை செய்யக் கேட்டேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். எனக்குத் தெரிந்தது காதில் குத்திய இலக்கங்கள்தான்.

கையெழுத்தை எங்கே வைக்க வேண்டும்? கொஞ்சம் கெதியாக முடித்தால் நல்லது. ஜெயகௌரி வீட்டில் தனிய இருக்கிறாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். நேற்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எது நல்லது என்று அவளைவிட எனக்குத்தான் தெரியும்.