இடது பின்மூலை

வண்டிக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று ஓடி வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் குனிந்து தரையோரத்தைப் பார்ப்பேன். மழை எங்கே நுழைந்தாலும் கடைசியில் கீழேதான் வந்து உட்காரும்.

ஐயா, நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்த வாக்குமூலக் காகிதத்தைப் படித்தேன். வால்பர்கா க்னேர், வயது அறுபத்து மூன்று, ஈரச் சோதனையில் கவனக்குறைவாக இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் கையெழுத்துப் போட்டால் அபராதத்தோடு முடிந்துவிடும் என்கிறார் என் வக்கீல். நல்ல மனிதர், எனக்காகத்தான் சொல்கிறார். ஆனால் நான் போட மாட்டேன். கவனக்குறைவு என்ற சொல் எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு முறை வந்து போயிருக்கிறது.

முதல் முறை வந்தது தொழிற்சாலையிலிருந்து. நானும் என் கணவர் கொன்ராடும் ஒரே கூடத்தில் வேலை பார்த்தோம். தெற்கு ஜெர்மனியில் எங்கள் ஆல்காய்ப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் வீட்டில் ஒருவராவது வீட்டுவண்டி கட்டுகிறவராக இருப்பார். உள்ளே படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்து ஓட்டிக்கொண்டு போவார்களே, அந்த வண்டி. அதன் சுவர் ஒரு ரொட்டி அடுக்கு மாதிரி. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, நடுவே நுரைப்பலகையும் மரச்சட்டமும், உள்ளே ஒட்டுப்பலகை. எல்லாவற்றையும் பசை தடவி அழுத்தி ஒன்றாக்குவார்கள். சுவரும் சுவரும் சேரும் மூலையில் பிசுபிசுப்பான ஒரு கறுப்புப் பட்டையை ஒட்டி, அதன்மேல் அலுமினியச் சட்டம் வைத்துத் திருகாணி போடுவார்கள். அந்த மூலைகள்தான் கொன்ராடின் வேலை. ஒவ்வொரு திருகாணியும் ஒரு வாய், நாம்தான் அதை மூட வேண்டும் என்பார்.

ஒரு ஜனவரியில் கூடத்தின் வெப்பக் கருவி பழுதாகிவிட்டது. வசந்தக் கண்காட்சிக்கு வண்டிகள் போயாக வேண்டும். கொன்ராட் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி ஒய்கன் ஃபெஸ்லர்.

"மேஸ்திரி, தகடு வேர்த்திருக்கு. இப்ப ஒட்டினா பிடிக்காது. கூடம் சூடாகற வரைக்கும் பொறுங்க."

"தகட்டுக்குக் குளிருதாமா? உன் பொண்டாட்டி சால்வையை வாங்கிப் போத்திவிடு கொன்ராட். வெள்ளிக்கிழமை வண்டி வெளிய போகணும், அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

அடுத்த இலையுதிர்காலத்தில் பத்தொன்பது வண்டிகள் திரும்பி வந்தன. சுவரில் விரலை வைத்தால் உள்ளே போனது. முதலாளி யார் தப்பு என்று கேட்டார். ஃபெஸ்லர், கவனக்குறைவு என்று எழுதிய ஒரு காகிதத்தோடு எங்கள் வீட்டுக்கே வந்து சமையலறையில் உட்கார்ந்தார். "சும்மா ஒரு வார்த்தைடா இது. கையெழுத்துப் போட்டுட்டா விஷயம் அமுங்கிடும். நான் உன்னக் கைவிட்டுருவேனா?" என்றார். கொன்ராட் போட்டார். மூன்றாவது வாரம் வேலை போயிற்று. கவனமில்லாமல் மூலை ஒட்டியவன் என்று எழுதிக் கொடுத்தவனை இந்த வட்டாரத்தில் எந்தப் பட்டறை சேர்க்கும்? ஐம்பத்தொரு வயதில் கூரை வேலைக்குப் போனார். நவம்பரில், பாசி பிடித்த மாட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்தார். ஏணியைக் கட்டாதது அவருடைய கவனக்குறைவு என்று காப்பீட்டுக்காரர்கள் எழுதினார்கள். அது இரண்டாவது முறை.

ஃபெஸ்லர் அடக்கத்துக்கு வரவில்லை. அவர் மனைவி சென்சி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் நான் பால் பண்ணைக்குப் பின்னால் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்துப் பட்டறை போட்டேன். பழுது பார்ப்பதும் வருடாந்திர ஈரச் சோதனையும். சோதனை எளிமையானதுதான். ஈரம் அளக்கும் கருவியின் முனையைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பதினைந்துக்குக் கீழே காட்டினால் காய்ந்த சுவர். இருபத்தைந்தைத் தாண்டினால் உள்ளே தண்ணீர். ஒரு வண்டிக்கு நாற்பத்திரண்டு இடம், நான் ஒன்றைக்கூட விட்டதில்லை. சான்றிதழில் என் கையெழுத்து இருந்தால் வேறு யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற மறுவருடம் ஃபெஸ்லர் புது வண்டியோடு என் வாசலில் வந்து நின்றார். ஏழு வருடமாகப் பார்க்காத மனிதர், நேற்றுத்தான் விடைபெற்றுப் போனவர் மாதிரி கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"என்ன வால்பர்கா, இன்னும் அந்தப் பசைக் கரண்டியக் கீழ வைக்கலியா? தூங்கும்போதாவது வைப்பியா?"

"வாய மூடுங்க," என்றாள் சென்சி. "வீட்ல கிளம்பினதுலேருந்து இப்படித்தான் உளறிக்கிட்டு வர்றாரு வால்பர்கா. நீ காதுல போட்டுக்காத."

கொன்ராட் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று சில சமயம் தோன்றும். உறுதியாகத் தெரியாது.

அன்று இடது பின்மூலையில் கருவி இருபத்தாறு காட்டியது. ஒரு திருகாணி சரியாக உட்காரவில்லை. பத்து நிமிட வேலை. அவர் வெளியே நின்று பால் வண்டிக்காரரோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார். நான் பன்னிரண்டு என்று எழுதினேன். சுவர் அழுகட்டும், ஒருநாள் அவர் விரலும் உள்ளே போகட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். மறுவருடமும் அப்படியே எழுதினேன். இந்த இரண்டு வருடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது நான் வண்டியைத் தொடவே இல்லை.

மூன்றாவது வருடம் அவர்கள் ஐந்து மாதம் தெற்கு ஸ்பெயினில் இருந்துவிட்டு வந்தார்கள். சென்சி எனக்கு ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்தாள். இலையோடு இருந்தது. கருவியை வைத்தேன், பதினொன்று. வெயிலில் சுவர் தானாகவே காய்ந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். அவருக்கு வெயில்கூட உதவி செய்கிறது. வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். அந்த மூலைச் சட்டத்தைக் கழற்றி, கறுப்புப் பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் சட்டத்தைத் திரும்பத் திருகினேன். விளிம்பில் மட்டும் மெல்லியதாக வெள்ளைப் பசை இழுத்துவிட்டேன், வெளியிலிருந்து பார்க்க அழகாக இருந்தது. வண்டி ஓடும்போது அதன் உடம்பு முறுக்கிக்கொடுக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த இடுக்கு மழையைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். நல்ல வேலை அது. நீங்கள் அழைத்துவந்த நிபுணருக்கே கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று.

நான்காவது வருடம் கருவி முப்பத்தெட்டு காட்டியது. அந்த மூலையில் இருந்த படுக்கையின் மெத்தையைத் தூக்கியபோது வாசனை வந்தது, ஈர நிலவறை வாசனை. பலகைக்குப் பின்னால் பூஞ்சை பிடித்திருக்கும். அன்று சென்சி இருமிக்கொண்டிருந்தாள்.

"சளியா?" என்றேன்.

"என்னமோ தெரியல. வீட்ல இருந்தா கொறையுது, பயணம் போனா வந்துருது. வயசாயிருச்சு, வேற என்ன."

"நீ எந்தப் பக்கம் படுப்பே?"

"இடது பக்கம், செவுத்தோரமா. அவரு ராத்திரில மூணு தடவ எந்திரிப்பாரே, வழிப்பக்கமா படுத்தாத்தான் அவருக்கு வசதி."

அவரை அல்லவா நான் அந்த மூலையில் நினைத்து வைத்திருந்தேன். வீட்டுக்குப் போய் அதைப் பற்றி யோசித்தேன். கொன்ராடைப் பறிகொடுத்து நான் எதைப் பார்த்தேனோ அதை ஃபெஸ்லரும் பார்ப்பது அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது என்று எழுதிய சான்றிதழை மறுநாள் கொடுத்தேன்.

அடுத்த வசந்தத்தில் அவள் தனியாக வந்தாள். பஸ்ஸில் வந்து, பண்ணைச் சரிவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறி வந்தாள். நாற்காலி போட்டு உட்காரவைத்தேன்.

"ரேவன்ஸ்பர்க் டாக்டர் கேக்கறாரு," என்றாள். "நுரையீரல் தழும்பு பிடிச்சிருக்காம். நீங்க இருக்கற எடத்துல எங்கயாவது பூஞ்சை இருக்கான்னு தோண்டித் தோண்டிக் கேக்கறாரு. நிலவறையச் சுரண்டி வெள்ளையடிச்சாச்சு. இறகுத் தூசி ஆகாது, என் ரெண்டு கானரிக் குருவியயும் குடுத்துருன்னு சொல்லிட்டாரு. வால்பர்கா, எங்க வண்டியில இருக்குமா? உன்னத் தவிர யாரக் கேக்கறது?"

"எலும்பு மாதிரி காய்ஞ்சிருக்கு," என்றேன். "சான்றிதழ் நகல் தரேன், டாக்டர்கிட்ட காட்டு."

அவள் முகம் தெளிந்தது. "அதானே. வண்டியில போனாத்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதியே," என்றாள். டாக்டர் அந்த நகலைக் கோப்பில் வைத்துக்கொண்டார். அது இப்போது உங்களிடம் இருக்கிறது. குருவிகளை நான் வாங்கிக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலமும் அவர்கள் ஸ்பெயினுக்குப் போனார்கள். உலர்ந்த காற்று நல்லது என்று ஃபெஸ்லர் பிடிவாதமாக அழைத்துப் போனார். சென்சி ஆம்புலன்ஸ் விமானத்தில் திரும்பி வந்தாள். பிப்ரவரியில், ரேவன்ஸ்பர்க் மருத்துவமனையில் இறந்துபோனாள்.

மார்ச் மாதம் ஃபெஸ்லர் பட்டறைக்கு வந்தார். இளைத்திருந்தார், கோட்டில் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். தகர டப்பாவின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அவதான் என்னை உங்கிட்ட வரவச்சா," என்றார். "வேற பட்டறைக்குப் போகலாம்னு ஆரம்பத்துல நான் சொன்னேன். எனக்கு உன் மூஞ்சியில முழிக்க வெக்கமா இருந்துச்சு. அவதான், 'கொன்ராடுக்கு நீங்க பண்ணினது எனக்குத் தெரியும், அந்தப் பொம்பளைக்கு வேலையாவது குடுங்க'ன்னு திட்டுவா. வருஷா வருஷம் வர்றதும் வாய்க்கு வந்தத உளர்றதும், மன்னிப்புக் கேக்கத் தெரியாமத்தான் வால்பர்கா. தப்பு அவன்மேல இல்ல. நான்தான் ஒட்டச் சொன்னேன்."

பதின்மூன்று வருடமாக நான் காத்திருந்த வாக்கியம் அது. கேட்டேன். காபி ஊற்றிக் கொடுத்தேன். எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.

போகும்போது, வண்டியை மகள் பிர்கிட்டுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அவளுக்கு நாலு வயதிலும் இரண்டு வயதிலும் குழந்தைகள். கோடையில் வட கடல் பக்கம் போகிறார்களாம். "ஒரு தடவ பாத்துக் குடுத்துரு. நீ பாத்தா எனக்கு நிம்மதி," என்றார்.

பார்த்தேன். நாற்பத்தொன்று. பத்து என்று எழுதினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அத்தனை வருடம் காய்ந்திருந்த சுவர் திடீரென்று நனைந்திருக்கிறது என்று எழுதினால் யாராவது கேள்வி கேட்பார்கள் அல்லவா. அதோடு, ஒரு மன்னிப்புக்காகப் பாதியில் நிறுத்திவிட்டால் அதுவரை செய்ததற்கெல்லாம் என்ன அர்த்தம் என்றும் தோன்றியது.

ஆகவே, ஐயா, அந்தக் காகிதத்தை மாற்றி எழுதுங்கள். மூலையைத் திறந்தது நான். அவள் எங்கே படுக்கிறாள் என்று தெரிந்து திறந்தபடியே விட்டதும் நான். அவள் மூச்சுத் திணறி வந்து நேரில் கேட்டபோது காய்ந்திருக்கிறது என்று சொன்னதும் நான்தான். நாற்பத்திரண்டு இடத்தில் ஒன்றைக்கூட நான் பார்க்காமல் விடவில்லை.

சென்சி மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. அதை அவளும் உணர்ந்திருப்பாள், இல்லாவிட்டால் குருவிகளை என்னிடம் தந்திருக்க மாட்டாள்.

இன்னும் ஒன்று. பிர்கிட் சாவியை வாங்க வந்த அன்று, குழந்தைகளை வலது பக்கம் படுக்கவை என்று நான் சொல்லி அனுப்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவள் புருஷனுக்குச் சந்தேகம் வந்ததால்தான் இடது சுவரைக் கையால் அழுத்திப் பார்த்திருக்கிறான். கை உள்ளே போனது, அவர்கள் அன்றே திரும்பிவிட்டார்கள், உங்களிடமும் வந்தார்கள். அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.