மேல்மருவத்தூருக்குப் பஸ் விட்ட நாள்

கார்ப்பரேட்டர் வேலையில் முக்கால்வாசி சாக்கடை அடைப்பு எடுப்பதுதான், சிந்து. மீதிக் கால்வாசி, எடுத்தவன் நான்தான் என்று நாலு பேருக்குத் தெரியும்படி பக்கத்தில் நிற்பது. தொண்ணூறில் பெங்களூர் ஒக்கலிபுரம் பக்கம் ஜெயித்து வந்தபோது இரண்டுமே எனக்கு நன்றாக வந்தன. உத்தமன் என்று அப்பா வைத்த பெயரும் போஸ்டருக்குத் தோதாக இருந்தது.

இப்போது கல்யாணப் பத்திரிகையை என் முன்னால் வைத்துவிட்டு, "மாமா, சர்ச்சுல நீங்கதான் என் கையைப் பிடிச்சு பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். அப்பா ஸ்தானத்துல எனக்கு வேற யாரு இருக்காங்க?" என்று கேட்டாய். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். காபி ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேள்.

தொண்ணூற்றொன்றில் காவிரித் தகராறு வந்தபோது, ரயில் பாதை ஓரத்து நம் குடிசைகளுக்கு முன்னால் நின்று, தமிழர்களை அடிக்க வந்த கூட்டத்திடம் கன்னடத்தில் பேசித் திருப்பி அனுப்பினேன். அது பொய்யில்லை. பயந்துகொண்டேதான் நின்றேன். அன்றிலிருந்து அங்கே என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. உன் அப்பா உங்களை விட்டுவிட்டுப் போன பிறகு, உன் அம்மா கேத்தரின் வேலை கேட்டு என்னிடம்தான் வந்தாள். ஒரு நர்சிங்ஹோமில் ஆயா வேலை வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி அங்கே வேலை, பகலில் வீட்டில் தூக்கம்.

அந்தக் குடிசைகளுக்குப் பதிலாகக் கல் வீடு கேட்டு நான் ஏறாத ஆபீஸ் இல்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அங்கே அழுதால் அடுத்த மேஜைக்குப் போய் அழச் சொல்வார்கள். எரிந்துபோன குடிசைக்கு மட்டும் உடனே வீடு வரும் என்று ஒரு அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். தொண்ணூற்று நாலு கடைசியில் சட்டமன்றத் தேர்தல் வர இருந்தது. சீட்டுக் கேட்டுப் போனால் கட்சித் தலைவர், "நின்ன ஹெசரு யாரிகப்பா கொத்து?" என்றார். என் பெயர் எவனுக்கும் தெரியாதாம். சாக்கடை எடுத்தவன் பெயர் வார்டைத் தாண்டாது என்பது உண்மைதான். இரண்டு காரியமும் ஒரே நெருப்பில் முடியும் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு இன்று வெட்கமாக இருக்கிறது. அன்று அது புத்திசாலித்தனமாகப் பட்டது.

ஓம் சக்திக்கு மாலை போட்ட பெண்களை மேல்மருவத்தூருக்கு இலவசமாகப் பஸ் வைத்து அனுப்புவது எங்களைப் போன்றவர்கள் விடாமல் செய்கிற புண்ணியம். பக்தியும் ஓட்டும் ஒரே பஸ்ஸில் ஏறும். தேர்தல் வருஷத்துத் தை மாதம் மாலை போடாதவர்களையும், அவர்கள் வீட்டு ஆண்களையும் வருந்தி அழைத்து ஏற்றினேன். ஆளில்லாத குடிசை எரிந்தால் யாருக்கு என்ன போயிற்று? பாத்திரம் பண்டம் போகும், வாங்கிக் கொடுத்துவிடலாம். என் கட்சி வேலைகளையெல்லாம் வாய் திறக்காமல் செய்துவந்த கோவிந்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டான்.

உன் அம்மா மாதா கோவிலுக்குப் போகிறவள், வரவில்லை என்றுவிட்டாள். நீதான் பஸ்ஸில் போயே தீருவேன் என்று தரையில் புரண்டு அழுதாய். "போவட்டும்ணா. எல்லாப் புள்ளைங்களும் போவுது, இவ மட்டும் எதுக்கு ஏங்கணும்? மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்று அனுப்பிவைத்தாள். பக்கத்து வீட்டு காந்தா உனக்கு ஒரு சிவப்புப் பாவாடை தேடிக் கட்டிவிட்டாள். ஜன்னலிலிருந்து கையாட்டினாய். நானும் ஆட்டினேன்.

நீங்கள் திரும்பி வந்தபோது சாம்பல்தான் இருந்தது. அம்மா எங்கே என்று நீ என்னிடம்தான் கேட்டாய். உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றேன், அந்தப் படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. மந்திரி வந்தார். வெறும் குடிசைகள் மட்டும் எரிந்திருந்தால் அவர் வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். கல் வீடுகள் வந்தன, இன்றைக்கும் ஒழுகாமல் இருக்கின்றன. எனக்குச் சீட்டு வந்தது. மூன்று தடவை எம்.எல்.ஏ. ஆனேன். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று பிறரைப் பார்த்துச் சொல்வார்கள், நான் எரித்துவிட்டுப் பிடுங்கினவன். உன் மாமி வனஜா உன்னைப் பெற்ற பெண்ணாகவே வளர்த்தாள். அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது, அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

உன் அம்மா அங்கே இருந்தது எனக்கு மறந்துபோயிற்று என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடமும் அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். நீ இப்படி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்ல முடியவில்லை.

பஸ்கள் போன பிறகு அவள் என்னைக் கூப்பிட்டாள். பகலில் தூங்குகிற பெண்கள் அங்கே வெளியே பூட்டச் சொல்லிவிட்டுத்தான் படுப்பார்கள். பூட்டுத் தொங்கினால் எவனும் கதவைத் தட்டமாட்டான். தினமும் காந்தா பூட்டுவாள், சாயந்திரம் திறந்துவிடுவாள். அன்று காந்தாவும் பஸ்ஸில் போய்விட்டாள். "சுத்தி ஒரு ஆளு இல்லண்ணா, பயமா இருக்கு. நீங்களே பூட்டிக்கிட்டுப் போங்க. சாயந்திரம் யாரையாச்சும் அனுப்பித் தெறந்து விடுங்க" என்றாள். பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பிறகு தீயை அணைக்க வந்தவர்களும் அந்தப் பூட்டைப் பார்த்துத்தான், ஆளில்லை என்று அடுத்த குடிசைக்குப் போனார்கள்.

மத்தியானம் கோவிந்தப்பா என் ஆபீசுக்கு வந்தான். "ஒளகெ யாராதரூ இத்தாரா, அண்ணா?" என்று கேட்டான். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று. கேத்தரின் இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் அவன் ஒரு அடி நகர்ந்திருக்க மாட்டான். அன்றைக்கப்புறம் அவன் என் வாசலையே மிதிக்கவில்லை. சாவியைக் கொடுத்து அவளை வெளியே கூட்டி வரச் சொல்லியிருக்கலாம். ஆனால் தீக்கு முன்னாலேயே வெளியே வந்தவள் நாளைக்கு வாய் திறப்பாள். தள்ளிப்போட்டால் அடுத்த தையில்தான் பஸ், அதற்குள் தேர்தல் முடிந்துவிடும். பையில் சாவி இருந்தது. யாரும் இல்லை என்று சொன்னேன்.

அவன் படியிறங்கிப் போனதும், தாயில்லாத அந்தப் பெண்ணை இனி நாம்தான் வளர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்கு நல்ல மனசு என்றுதான் சிந்து, இன்று காலை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.